போதை ஊசிப் புண்ணை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது ஓட வேண்டும்

கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பையன் வீட்டில் இருந்தால், சத்தம் போடுவதற்கு முன்னால் அவன் கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊசி போடுகிறவர் நீங்களே என்றாலும் இதைப் படியுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

புண் ஏன் வருகிறது? தமிழ்நாட்டில் இப்போது அதிகம் பேசப்படுவது டபென்டடால் மாதிரியான வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுவது. அது விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை, அதில் மருந்தோடு டால்க், மாவுச்சத்து, செல்லுலோஸ் எல்லாம் சேர்த்திருக்கும், அவை தண்ணீரில் கரையாது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் துகள் உள்ளே போய் மெல்லிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும், ரத்தம் போகாத தோல் கருத்து, செத்து, உதிரும். பென்டசோசின் ஊசி இன்னொரு ரகம்: தோலும் அடியில் உள்ள சதையும் கட்டை மாதிரி இறுகி நடுவில் ஆழமாகக் குழிவிழும். இதோடு ஊசியிலும் தோலிலும் உள்ள கிருமி வேறு.

நரம்பு ஓடும் வழியில் கறுப்புக் கோடு, சின்னச் சின்ன வட்டத் தழும்பு என்றால் பழையது, அவசரமில்லை. சிவந்து, சூடாக, தொட்டால் வலித்தால் அந்தச் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் மணியும் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போவது நல்லது, கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

கட்டியாகிச் சீழ் பிடித்திருந்தால் பிதுக்காதீர்கள், பிளேடு வைக்காதீர்கள். மெடிக்கலில் நாலு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் அமுங்கும் என்பதும் வீண் நம்பிக்கை, சேர்ந்துவிட்ட சீழை மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். முக்கியமாகத் தொடை இடுக்கில் வரும் கட்டி. கை வைத்தால் அது துடிக்கிறதா? அப்படியென்றால் அது சீழ்க்கட்டியே இல்லாமல், ரத்தக்குழாய் கிழிந்து வந்த வீக்கமாக இருக்கலாம், யாராவது கீறினால் உயிர் போய்விடும்.

108-ஐ உடனே கூப்பிட வேண்டியவை: வெளியே தெரிவது கொஞ்சமாக இருக்க, வலி மட்டும் தாங்க முடியாமல் இருப்பது, தோல் ஊதாவாகிக் கொப்புளம் வருவது, அழுத்தினால் நறநறவென்று இருப்பது (இது மணிக்கணக்கில் பரவும், காலை வரை காத்திருக்கக் கூடாது), ஊசி போட்டதும் விரல்கள் எரிந்து வெளுப்பது அல்லது நீலமாவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் மூச்சுத்திணறலும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலும் அன்றே காட்டுங்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

சரி, திறந்த சின்னப் புண், டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையுறை இருந்தால் போடுங்கள். புண்ணைச் சலைன் அல்லது கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல சதையையும் அரிக்கும், தினமும் வேண்டாம். மஞ்சள், காபித்தூள், பற்பசை, ஒன்றும் வேண்டாம். பிறகு புண்ணில் ஒட்டாத பாரஃபின் காஸ் (மெழுகு தடவிய வலைத்துணி), அதன் மேல் சாதா காஸ் துணி, இறுக்காமல் கட்டு. தினமும், அல்லது நனைந்தவுடன் மாற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் திறந்துவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வீங்கிய கை காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். அந்தக் கையில் இனி ஊசி படவே கூடாது. முட்டை, பயறு சாப்பிடட்டும், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

மருத்துவமனையில் என்ன போட்டோம், எங்கே போட்டோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். "பூச்சி கடித்தது" என்றால் சிகிச்சையே திசைமாறிப் போகும். டிடி (ரணஜன்னி) தடுப்பூசி கேளுங்கள், எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, மஞ்சள் காமாலை பி, சி இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள் (சி-க்கு அரசிலேயே இலவச மருந்து உண்டு, பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாகும்). இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: படுக்கையில் சேர்த்தவர் மறுநாளே ஓடிவருவது பெரும்பாலும் திமிரால் இல்லை, போதை இறங்கும்போது வரும் உடல் வேதனையால். சேரும்போதே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். போலீஸ் பயமா? போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் மாட்டியவர்கூடத் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்க வழி வைத்திருக்கிறது. விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 14446, கட்டணமில்லை.

அப்புறம் தழும்பு. கறுப்பு மங்க மாதங்கள் ஆகும், சில கோடுகள் போகாது. கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கிரீமைத் தடவித் தோலை இன்னும் மெலியவைக்காதீர்கள், வெயில் படாமல் மூடி, தோல் மருத்துவரிடம் கேளுங்கள். பல வருடம் கழித்து, விட்ட பிறகும்கூட, கணுக்கால் பக்கம் புண் வரலாம், ஊசி ஏற்றிய ரத்தக்குழாய் கெட்டதால் வருவது அது. ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகே இறுக்கக் கட்டுப் போட வேண்டும். மாதக்கணக்கில் ஆறாமல் ஓரம் தடித்து வளர்கிறதா, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அரிதுதான், ஆனால் நாள்பட்ட புண் புற்றாக மாறுவதுண்டு.