பழைய வீடு வாங்கிக் குடியேறுவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

தடித்த சுவர், உயரமான கூரை, பல தலைமுறை மிதித்துத் தேய்ந்த வாசற்படி. இப்படி ஒரு வீடு மனதுக்குப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் கண்ணில் படாது. அட்வான்ஸ் கொடுக்குமுன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் பார்த்தவரை பழைய வீடுகளைக் கெடுப்பவை இரண்டுதான்: தண்ணீர், அவசர மராமத்து. முதலாவதை வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

1. மழையில் போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். மழை கொட்டும்போது போய், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவரை விட்டு விலகி ஓடுகிறதா, அடியிலேயே தேங்குகிறதா என்று பாருங்கள். வெளியே மண் மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் ஓதத்துக்கு, அதாவது சுவரில் ஊறும் ஈரத்துக்கு, அதுவே காரணமாக இருக்கலாம். தெருவையும் முற்றத்தையும் மேடாக்கிக்கொண்டே வந்ததில் பல பழைய வீடுகளுக்கு இந்தக் கதி.

தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதற்கு மேலே கறை தெரிந்தால் கூரையையோ குழாயையோ சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

2. விரிசலையும் மரத்தையும் சோதியுங்கள்

பூச்சில் மயிரிழை விரிசல் இல்லாத பழைய வீடு கிடையாது. ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, போகப் போக அகலமாகும் விரிசல் வேறு சங்கதி. கதவு நிலை கோணியிருந்தாலும் அப்படியே. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துக் காட்டாமல் பேரம் பேசாதீர்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

மர உத்தரங்களில் முதலில் மக்குவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான். அங்கே ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், மக்கிய மரத்தில் நுனி உள்ளே இறங்கிவிடும். மண் பூசிய மெல்லிய பாதைகள் கறையானின் அடையாளம். சிறு வட்டத் துளைகளுக்குக் கீழே புதிதாக மாவு கொட்டிக் கிடந்தால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது.

3. பத்திரம்

மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை வீடு கைமாறிய வரிசையில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. பழைய வீட்டில் வாரிசுகள் அதிகம். எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று வழக்கறிஞர் பார்க்கட்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் வீடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் முகப்பில் கைவைக்க அனுமதி வேண்டியிருக்கும்.

4. குடிபோகுமுன்

துணியோ ரப்பரோ சுற்றிய பழைய ஒயர், எர்த் இல்லாத பிளக் இருந்தால் ஒயரிங்கை முழுதாக மாற்றி, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு பிரேக்கரைப் பொருத்துங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

சுரண்டினால் வெள்ளியாக மின்னி, காந்தம் ஒட்டாத சாம்பல் நிறக் குழாய் ஈயக் குழாயாக இருக்கலாம். மாற்றும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயின்டிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் குழாய், பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் இந்த மூன்றையும் கவனித்த பிறகே சாமான் ஏற்றுங்கள்.

5. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல். அதன் பிறகும் வெகுகாலம் சுண்ணாம்புச் சாந்தில்தான் வீடுகள் எழுந்தன. கல் இடுக்கை ஆணியால் கீறுங்கள். வெளுத்து, மிருதுவாக உதிர்ந்து, நடுவே வெள்ளைச் சுண்ணாம்புப் பொட்டுகள் தெரிந்தால் அநேகமாகச் சுண்ணாம்புச் சாந்து.

அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி, மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலோ ஈரத்துக்கு வழி அடைபடும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, செங்கல்லின் முகத்தையே தள்ளி உதிர்க்கும். “ஓதம் தெரிகிறது, சிமென்ட் போட்டு அடைத்துவிடலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் சுவருக்குத் தண்ணீர் வராமல் தடுத்துவிடுங்கள். பிறகு கெட்ட பூச்சைச் செதுக்கி எடுத்து, சுவரை உலர விடுங்கள். தடித்த சுவருக்கு மாதக் கணக்கில் ஆகும். அதன் பின்னரே சுண்ணாம்புப் பூச்சு; ஒவ்வொரு பூச்சும் சுமார் 10 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். அதற்கு ஈரப்பதம் தேவை. ஆகவே வெயில் நேரடியாகப் படாமல் மறைத்து, சில நாள் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

வெள்ளையடிக்கும்போது சுவரை நனைத்துக்கொண்டு, பால் பதத்தில் மெல்லியதாகப் பல பூச்சு கொடுங்கள். அடித்த உடனே ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

6. ஓராண்டு எதையும் இடிக்காதீர்கள்

ஒழுகலையும் ஒயரிங்கையும் சரிசெய்துவிட்டு, எல்லாப் பருவத்திலும் அங்கே வாழ்ந்து பாருங்கள். எந்த அறைக்குக் காற்று எப்போது வருகிறது என்று தெரிந்த பிறகு, இடிக்க நினைத்த சுவரை நீங்களே வேண்டுமென்பீர்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடும் தேதியும் போட்டு வைத்தால், அது நகர்கிறதா இல்லையா என்பதும் இந்த ஓராண்டில் தெரிந்துவிடும்.

பிறகு பழுது பார்க்கும்போது கெட்ட பகுதியை மட்டும் எடுங்கள். மக்கிய முனையை வெட்டி அதே வகை மரத்தை ஒட்டுப்போட நல்ல தச்சருக்குத் தெரியும். முழு உத்தரத்தையும் கழற்ற வேண்டியதில்லை. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம். நினைவுச்சின்னங்களுக்காக எழுதியது என்றாலும் வீட்டுக்கும் பொருந்தும். இங்கே செதுக்குத் தூண் இருந்திருக்குமோ என்று நினைத்து ஒன்றை நட வேண்டாம். இருக்கிற கீலையும் தாழ்ப்பாளையும் துரு நீக்கி எண்ணெய் விட்டாலே போதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மூடுவதற்குமுன் ஒயரும் குழாயும் போகும் பாதையைப் படம் எடுத்து, எந்தச் சுவரில் என்ன கலவை பூசினீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்குமுன் கூரைக் கால்வாயில் சேர்ந்த சருகை அள்ளிவிட்டு, அதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.