கல்லூரி நண்பர்களும் நடுவயதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்ணூறுகளில் மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யு.எஸ்.எம்.) வளாகத்திலும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் படித்து வெளியே வந்தவர்கள் இன்று ஐம்பதைத் தொட்டோ தாண்டியோ நிற்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படிவம் ஐந்திலோ பல்கலைக்கழகத்திலோ இருப்பார்கள். பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாள்கள் கூடிக்கொண்டே போகும். வேலையிடத்தில் இளையவர்கள் மேலே வந்துகொண்டிருப்பார்கள். நம் பதவியையும் சம்பளத்தையும் பார்க்காமல் நம்மை அறிந்த மனிதர்கள் மிகவும் தேவைப்படும் காலம் இது. ஆனால் கல்லூரித் தொடர்புகள் அறுந்துபோவதும் பெரும்பாலும் இதே காலத்தில்தான். சண்டை போட்டுப் பிரிந்த நட்புகள் குறைவு. தொடர்பில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பிலேயே நழுவிப்போனவைதான் அதிகம்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவைத் தொடர்பு என்று எண்ணுவது

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பட்டம் பெற்ற ஆண்டின் பெயரில் ஒரு குழு இருக்கும். எண்பது, நூறு பேர் அதில் இருப்பார்கள். காலை வணக்கப் படங்களும், மூட்டுவலிக்கான கைவைத்தியங்களும், எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் காணொளிகளும் நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். பேசுபவர்கள் மட்டும் எப்போதும் அதே ஆறேழு பேர்தான். மற்றவர்கள் பார்க்கிறார்கள், கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். ஒருவருடைய மகள் மருத்துவம் முடித்த செய்தி நமக்குத் தெரியும் என்பதாலேயே அவரோடு பழகிக்கொண்டிருக்கிறோம் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பில், பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒருவர் குழுவில் வரும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புவார். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்துக்கு மூன்று முறை அவரே காரில் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தது நெடுநாள் வரை யாருக்கும் தெரியாது. கிள்ளானில் உள்ள வகுப்புத் தோழி ஒருவர், பழைய விரிவுரையாளர் ஒருவரின் எண்ணைக் கேட்பதற்காக அவரைத் தனியாக அழைத்தபோதுதான் அது வெளியே வந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நெஞ்சில் அடைப்பு நீக்கியதையும், வேலை போனதையும், மணமுறிவையும் எண்பது பேர் முன்னிலையில் ஒருவர் தட்டச்சு செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. குழு அறிவிப்புக்குப் பயன்படும். விசாரிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் பயன்படும்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். மலாய்மொழித் தேசியப்பள்ளியில் படித்த தமிழர்கள் பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்க மாட்டார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் நீண்ட தமிழ்ப் பதிவுகளைப் போடும்போது, தேசியப்பள்ளியில் படித்தவர்கள் வாய் திறக்காமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நண்பருக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பினால் அன்றைக்கே பதில் வந்துவிடும்.

இவ்வளவு நாள் கழித்து எப்படி அழைப்பது என்று தயங்குவது

பத்து ஆண்டு பேசாமல் இருந்துவிட்டு இப்போது அழைத்தால் ஏதோ காரியத்துக்காக அழைக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் பலரைக் கட்டிப்போடுகிறது. இந்த அச்சம் மனித இயல்பு. ஆனால் அது நிலைமையைத் தவறாகக் கணிக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் பெக்கி லியூவும் அவருடைய குழுவினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நாம் ஒருவரை நினைத்துத் தொடர்புகொள்வதை எதிர்முனையில் இருக்கும் அவர் எவ்வளவு பாராட்டுகிறார் என்பதை நாம் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று கண்டார்கள். எதிர்பாராமல் வரும் விசாரிப்புக்குத்தான் கூடுதல் மதிப்பு இருந்தது என்பதும் அதில் தெரிந்தது. 2024இல் கனடாவின் லாரா ஆக்னினும் பிரிட்டனின் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரமும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. பழைய நண்பரோடு பேச விருப்பமும், அவருடைய எண்ணும், எழுதி அனுப்ப நேரமும் கொடுக்கப்பட்ட பிறகும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே செய்தியை அனுப்பினார்கள். இப்போது பழகிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு முதலில் சில நிமிடம் செய்தி அனுப்பிவிட்டு, அதே சூட்டில் பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது பாதிக்கும் மேற்பட்டோர் அனுப்பிவிட்டார்கள். நாமும் அப்படியே செய்யலாம்; தங்கைக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் போதே அந்த ஒரு பெயரையும் தேடி எடுத்துவிட வேண்டும்.

எழுதும்போது, இத்தனை நாள் பேசாததற்கு விளக்கமும் மன்னிப்பும் பத்தி பத்தியாக வேண்டாம். அதற்குப் பதில் எழுதுவது எதிரில் இருப்பவருக்குச் சுமையாகிவிடும். "பந்தாய் டாலாம் பக்கம் போனேன்டா, நாம சாப்பிட்ட கடையத் தேடிப் பார்த்தேன், உன் ஞாபகம் வந்துச்சு. அவசரமா பதில் போட வேணாம்" என்று எழுதினால் போதும். தோழி ஒருவருக்கு எழுதும் ஆண்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும்; இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் விசாரிப்பு, எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும், அவர் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

பெரிய ஒன்றுகூடலுக்காகக் காத்திருப்பது

இருபத்தைந்தாம் ஆண்டு, முப்பதாம் ஆண்டு என்று நட்சத்திர விடுதியில் ஒரு விருந்து ஏற்பாடாகும். தலைக்கு 150 வெள்ளி (ரிங்கிட்), அச்சடித்த சட்டைக்கு 50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், கணவன் மனைவியாக வந்தால் 400 வெள்ளி. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வர நெடுஞ்சாலைக் கட்டணம், பெட்ரோல், ஓரிரவு தங்கும் அறை ஆகியவை தனி. ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். இந்தத் தொகை அவர்கள் கண்ணுக்கே படாது. ஆள்குறைப்பில் வேலை இழந்தவரும், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தோழியும், பணம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு ஊரில் இல்லை என்பார்கள். அடுத்த ஆண்டும் அதையே சொல்வார்கள். அதன்பின் அவர்களை அழைப்பதையே ஏற்பாட்டுக் குழு நிறுத்திவிடும்.

பெரிய விருந்து நடத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டணத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு நண்பர்களைத் தேடுவது முறையல்ல; யாரெல்லாம் வரவேண்டும் என்று விரும்புகிறோமோ அவர்கள் தாங்கக்கூடிய தொகையிலிருந்து தொடங்குவதுதான் முறை. வசதியுள்ளவர்கள் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால், யார் யாருக்காகக் கொடுத்தார்கள் என்பது பொருளாளரைத் தாண்டி வெளியே போகக்கூடாது. நாள் குறிப்பதிலும் இதே அக்கறை வேண்டும். புரட்டாசியில் கடல் உணவுக் கடையிலும், தைப்பூச விரதக் காலத்தில் கோழியும் ஆடும் மணக்கும் இடத்திலும் நாள் குறித்துவிட்டு, வராதவர்களை நொந்துகொள்வதில் பொருளில்லை. மலாய்க்கார, இந்திய முஸ்லிம் நண்பர்கள் மனம் கோணாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடமா, அது நோன்பு மாதமா என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரி நாள்களில் எல்லாரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம்.

ஆனால் நட்பை உண்மையில் உயிரோடு வைத்திருப்பவை மூன்று நான்கு பேர் சேரும் சிறு சந்திப்புகள்தான். பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 2015இலிருந்து இ.டி.எஸ். எனும் மின்ரயில் ஓடுகிறது, சுமார் நான்கு மணி நேரப் பயணம். தலைநகரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் லிட்டில் இந்தியா எனப்படும் பிரிக்ஃபீல்ட்ஸ் நடை தூரம். வேலையாகத் தலைநகர் வருபவர்கள் ஊருக்குள் வந்து போன பிறகு படம் போடுவதை விட்டுவிட்டு, இரண்டு நாளுக்கு முன்பே ஒருவருக்குச் சொன்னால், தோசையும் தே தாரேக் தேநீருமாக ஒரு மணி நேரம் கிடைத்துவிடும். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவில் காலை நடை இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறிய பிரிட்டன் இளையோரை ஆராய்ந்த ராபின் டன்பாரும் அவருடைய சக ஆய்வாளரும், பெண்களின் நட்பைப் பேச்சும், ஆண்களின் நட்பைச் சேர்ந்து ஏதாவது செய்வதும் அதிகம் காப்பாற்றுவதாகக் கண்டார்கள். நம் வயதுக்கும் அது பெரும்பாலும் பொருந்துகிறது. தொலைபேசியில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆண்கள், சேர்ந்து நடக்கும்போதோ மீன்பிடிக்கும்போதோ மனம் திறக்கிறார்கள்.

இருபத்தொரு வயதிலேயே நிறுத்திவைப்பது

விடுதியில் வைத்த பட்டப்பெயரை, இன்று தலைமையாசிரியையாக இருப்பவரின் பிள்ளைகள் முன்னிலையில் கூவி அழைப்பது அவருக்கு மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குத் தரலாம். பலருக்கு, குறிப்பாக நிறத்தையும் உடலையும் தோட்டத்துப் பின்னணியையும் வைத்துக் கேலியாக வந்த பெயர்கள், அன்றைக்கே வலித்தவை, சிரித்துச் சமாளித்தார்கள். ஒரு முறை தனியாகக் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். பழைய காதல்களை மேடையில் கிளறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதை முற்றாக விட்டுவிட வேண்டும். ஒரே நினைவுகளை ஆண்டுதோறும் சுற்றிச் சுற்றிப் பேசும் நட்பு சீக்கிரம் வற்றிவிடுகிறது. இப்போது என்ன படிக்கிறாய், எது பயமாக இருக்கிறது, அம்மா யாரோடு இருக்கிறார் என்று கேட்கும்போதுதான் எதிரில் இருக்கும் இன்றைய மனிதர் தெரிகிறார். நீண்ட நாள் விட்டுப்போன தொடர்புகளைப் புதுப்பித்தவர்களை ஆராய்ந்த டேனியல் லெவின் முதலான ஆய்வாளர்கள், அன்றாடம் பழகுபவர்களிடம் கிடைக்காத புதிய, பயனுள்ள ஆலோசனை அந்தப் பழைய தொடர்புகளிடம் கிடைப்பதை 2011இல் எடுத்துக்காட்டினார்கள். இத்தனை ஆண்டுகள் நாம் பார்க்காத உலகத்தில் வாழ்ந்தவர்கள் அல்லவா அவர்கள்?

துக்கத்தைக் குழுவிலேயே முடித்துக்கொள்வது

நண்பரின் தந்தை இறந்த செய்தி வந்ததும் கைகூப்பும் படங்கள் அறுபது எழுபது வரிசையாக விழும். நம் ஊரில் அடக்கமோ தகனமோ அன்றோ மறுநாளோ முடிந்துவிடுவதால், தொலைவில் இருப்பவர்கள் போக முடிவதில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. அதோடு கடமை முடிந்ததாக எண்ணுவதுதான் தவறு. கூட்டம் கலைந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் வீட்டில் வெறுமை தெரியத் தொடங்கும். அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு வருவது, முதல் நாள் போடும் மலர்மாலையைவிட அதிகம் நிற்கும். போக முடியாதவர்கள் அந்த வாரத்தில் அழைக்கலாம். மனைவியை இழந்த ஆண்களை இந்த விஷயத்தில் தனியாகக் கவனிக்க வேண்டும். உறவினர்களையும் நண்பர்களையும் அதுவரை அழைத்து உறவைக் காத்துவந்தவர் பெரும்பாலும் அந்த மனைவிதான்.

நட்பின் வழியாகப் பணம் தேடுவது

ஊழியர் சேமநிதியை 55 வயதில் முழுமையாக எடுக்கலாம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதோ 60. அந்த வயதை வகுப்பு நெருங்கும்போது காப்புறுதித் திட்டங்களும், சங்கிலித்தொடர் விற்பனையும், மாதம் இத்தனை விழுக்காடு இலாபம் என்ற முதலீடுகளும் பழைய நண்பர்களின் வாய் வழியாகவே வந்து சேர்கின்றன. முகவராக வேலை பார்ப்பதில் தவறே இல்லை. பத்து ஆண்டுக்குப் பின் வரும் முதல் அழைப்பிலேயே விற்பனையைத் தொடங்குவது தவறு. அந்த ஒருவரால், அடுத்து உண்மையான அக்கறையோடு அழைக்கும் மற்ற நண்பர்களுக்கும் கதவு அடைபடுகிறது. விற்பனை என்றால் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடலாம். வேண்டாம் என்று மறுப்பதும் அப்போது எளிது.

நண்பரின் கணக்கிலிருந்து அவசரக் கடன் கேட்டு வரும் செய்தியை நம்பி உடனே பணம் போடுவதும் இன்று பரவலாக நடக்கிறது. கேட்பவர் நண்பராகவே இல்லாமல் இருக்கலாம். தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்புக் குறியீட்டை ஏமாற்றி வாங்கி, புலனக் கணக்கையே கைப்பற்றுகிறார்கள். குரலைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பக்கூடாது. அனுப்பிவிட்டால், வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அந்த நிமிடமே அழைக்க வேண்டும்.

குழுவிலிருந்து விலகியவரைத் திரும்ப இழுத்துப்போடுவது

ஒருவர் சத்தமில்லாமல் வெளியேறினால், நிர்வாகி அவரைக் கேட்காமலேயே மீண்டும் சேர்ப்பதும், "ஏன் போனாய்?" என்று பொதுவில் வினவுவதும் வழக்கமாகிவிட்டது. அரசியல் சண்டை, ஆபாசத் துணுக்கு, ஓயாத படங்கள், பிள்ளைகளின் தேர்ச்சிப் பெருமை, சொல்ல விரும்பாத ஒரு வீழ்ச்சி என எதுவும் காரணமாக இருக்கலாம். நெருக்கமாக இருந்த ஒருவர் மட்டும் தனியாக எழுத வேண்டும். குழுவுக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அடுத்த மாதம் செந்தூல் பக்கம் வருகிறேன், உனக்கு ஒழிந்த நேரம் எது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் நேரத்துக்குப் போனால் போதும்.