டிக்கெட் எந்தப் பக்கத்தில் நிற்கிறது?

"புத்தகம் படிங்க, புத்தகம் படிங்க" என்று வருஷக்கணக்காகத் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. கடைசியில் அசைத்தது மும்பை மாநகர பஸ்ஸான பெஸ்ட்டின் ஒரு டிக்கெட்.

தாராவியில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆறாவது, ஏழாவதுக்கு எடுக்கிறேன். டோம்பிவிலியிலிருந்து சயான் வரை ஸ்லோ லோக்கல் ரயிலில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வருவேன். கையில் ஒரு நாவல் இருக்கும். விட்ட இடத்தில் பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி, வகுப்பு மேஜை மேல் வைத்துவிடுவேன். ஒரு புதன்கிழமை முதல் பெஞ்சுப் பையன் கேட்டான்: "என்ன டீச்சர், டிக்கெட்டு திங்கக்கெழம இருந்த எடத்துலயே நிக்குது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "செம போர்டா. ஒரு கல்யாண வீட்டையே எண்பது பக்கத்துக்கு இழுக்கிறார்" என்றேன். வகுப்பே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "டீச்சருக்குக்கூட போர் அடிக்குமா?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்துவருவது இதுதான். உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிஜமாகப் படிக்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி வையுங்கள். வார இதழானாலும் சரி. போனில் படித்தால் பலனில்லை. நீங்கள் படிப்பது கதையா வாட்ஸ்அப்பா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கெத்துக்காகக் கனமான புத்தகத்தைத் தூக்கி வராதீர்கள். நான் ஒரு பருவம் முழுக்க அப்படிச் செய்தேன். டிக்கெட் நகரவில்லை, பிள்ளைகளும் கவனித்தார்கள்.

வருகைப் பதிவு முடிந்ததும் இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். "நல்ல புத்தகம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே பாடநூல் வாசனை வந்துவிடும். உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். கதையில் மூழ்கி சயானைத் தவறவிட்டு, அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் இறங்கித் திரும்பி ஓடிவந்து, லேட் மார்க் வாங்கியதைச் சொன்னேன். அன்று மதியமே அந்தப் புத்தகத்தை நாலு பேர் கேட்டார்கள்.

தினமும் பத்து நிமிடம் எல்லோரும் அவரவர் புத்தகத்தைப் படிக்கட்டும். 1960களில் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் லைமன் ஹன்ட் என்பவர் பரப்பிய மௌன வாசிப்பு முறை இது. ஆசிரியரும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர். நான் ஒருமுறை, சும்மாதானே இருக்கிறோம் என்று கட்டுரை நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் பாதி வகுப்பு கணக்கு ஹோம்வொர்க் போட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாக யாராவது முறைத்தால், கால அட்டவணையில் 'தமிழ் வாசிப்பு' என்று எழுதிவிடுங்கள். கேள்வி நின்றுவிடும்.

எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் பாடு. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஒரு பாடம். புத்தகத் தமிழ் அவர்களுக்கு நாலாவது மொழி மாதிரி. சிறுவர் புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளில். அச்செடுத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறேன். நிலை எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்தில் "டேய் ஒண்ணாம் லெவலு" என்று பட்டப்பெயர் வந்துவிடும். அந்தச் சின்னக் கதைகளை நானும் எடுத்துப் படிப்பேன். படம் நன்றாக இருந்தால் கூப்பிட்டுக் காட்டுவேன்.

சொந்தப் புத்தகத்தை இரவல் கொடுங்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் மலிவுதான், ஆனால் தமிழ் கண்ணில் படுவது அபூர்வம். மே லீவில் ஊரிலிருந்து பை நிறையக் கட்டி வருவேன். சில புத்தகங்கள் திரும்ப வராது. போனால் போகட்டும். ஒன்று மட்டும் அட்டையில் மஞ்சள் கறையோடு, ஒரு மாதம் கழித்து வந்தது. "அம்மா படிச்சு முடிக்கல டீச்சர், அதான் லேட்டு" என்றாள் அந்தப் பெண்.

திரும்பி வந்ததும் கேள்வி கேட்காதீர்கள். "கதைச் சுருக்கமும் நீதியும் எழுது" என்று நான் ஒரு வருஷம் நோட்டுப் போட வைத்தேன். அத்தனை பேரும் பின்னட்டையை அப்படியே காப்பியடித்துக் கொடுத்தார்கள். நோட்டை நிறுத்தினேன்.

டிக்கெட்டைக் கண்டுபிடித்தவன் இப்போது எட்டாவது. போன வாரம் வராந்தாவில் என் புத்தகத்தோடு நின்றிருந்தான். நடுவில் பஸ் டிக்கெட் எட்டிப் பார்த்தது.

"எத்தனையாவது பக்கம்டா?"

"நாப்பத்திரெண்டு. தாங்கல டீச்சர், விட்டுட்டேன். வேற குடுங்க."