ஜோயி டன்லப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பைக் பந்தயத்துக்குக் கிளம்பும் நம் ஊர் பைக் பிரியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கப்பல் டிக்கெட், தங்குமிடம், செலவு, இவ்வளவுதான். அதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: அந்தப் பந்தயத்தின் பெரிய வீரர் ஜோயி டன்லப்புக்காகவும் போகிறீர்கள் என்றால், தீவுக்கு முன்னால் வட அயர்லாந்தில் இருக்கும் அவர் ஊரான பாலிமனிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நான் வட அயர்லாந்தில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பைக்கிலிருந்து விழுந்தவர்களை நிறையப் பார்க்கிற வேலை. ஜோயி டன்லப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர்கள் சொன்னது. பல பேர் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், 'யெர் மான்' என்பார்கள். இந்தப் பக்கத்தில் பைக் பேச்சுக்கு நடுவே அந்தச் சொல் காதில் விழுந்தால் ஜோயி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்

ஜோயி 1952-இல் பாலிமனி பக்கம் பிறந்தவர். 1977-இல் முதல் டிடி வெற்றி, 2000-இல் 26-ஆவது வெற்றி. 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து முறை டிடி ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் (இது பைக்குகளுக்கானது, கார் பந்தயம் இல்லை). 2000 ஜூலை 2-ஆம் தேதி எஸ்தோனியாவின் தாலின் நகரில், மழையில் நடந்த 125 சிசி பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்துபோனார். பாலிமனி அருகே நடந்த இறுதிச் சடங்குக்குச் சுமார் 50,000 பேர் வந்தார்கள்.

இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம். டிடியில் அதிக வெற்றி என்ற அந்த 26 சாதனையை 2024-இல் அவருடைய தம்பி ராபர்ட்டின் மகன் மைக்கேல் முறியடித்துவிட்டார். அதற்குப் பிறகும் ஜோயியின் சிலைக்கு வரும் கூட்டம் குறையவில்லை. ஆக, மனிதர்கள் எண்ணிக்கைக்காக வரவில்லை. வேறு எதற்காக என்பதைத்தான் இந்தப் பயணத்தில் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

படிப்பதைவிடப் பார்ப்பது நல்லது. 2000-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் டிடி பந்தயத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள். ஜோயிக்கு அப்போது 48 வயது. பெரிய பைக்கில் ஜெயிப்பதெல்லாம் இனி டேவிட் ஜெஃப்ரீஸ் மாதிரி இளைஞர்கள் வேலை என்று பலரும் முடிவுகட்டியிருந்தார்கள். பாதை சில இடங்களில் ஈரம், சில இடங்களில் காய்ந்திருந்தது. அந்தப் பாதையில் ஹோண்டா எஸ்பி-1-ஐ ஓட்டி ஜெயித்தார். அதே டிடியில் 250 சிசி, 125 சிசி பந்தயங்களையும் எடுத்தார். சீனியர் பந்தயத்தில் மூன்றாம் இடம்தான், ஆனால் அதில்தான் அவர் வாழ்நாளின் வேகமான சுற்று வந்தது: சராசரி மணிக்கு 123.87 மைல், அதாவது கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ஒரு மாதத்துக்குள் ஆள் இல்லை.

சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிடியில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பமாட்டார்கள். பத்து விநாடிக்கு ஒருவராக விடுவார்கள், எதிரி கடிகாரம்தான். ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல், வீட்டுச் சுவர்களுக்கும் கல்வேலிகளுக்கும் நடுவே. உங்களைக் கடந்து போகிறவர் முன்னணியில் இருக்கிறாரா, பின்தங்கிவிட்டாரா என்று கண்ணால் சொல்லவே முடியாது. அதனால் சின்ன ரேடியோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், தீவின் வானொலியான மேங்ஸ் ரேடியோவின் வர்ணனை இல்லாமல் டிடி புரியாது.

பாலிமனியில்

பெல்ஃபாஸ்டிலிருந்து டெர்ரி போகும் ரயில் பாலிமனியில் நிற்கும். நினைவுத் தோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம். ஜோயியின் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே ராபர்ட்டுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர் 2008-இல் நார்த் வெஸ்ட் 200 என்ற சாலைப் பந்தயத்தின் பயிற்சியின்போது இறந்தார். ராபர்ட்டின் இன்னொரு மகன் வில்லியம் 2018-இல் அயர்லாந்தின் ஸ்கெரிஸில், அதுவும் பயிற்சியில்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். அங்கே நின்று "இது யார்?" என்று சத்தமாகக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகம் மாறிவிடும்.

கல்லறை ஊருக்கு வெளியே, காரிடஃப் பிரஸ்பிட்டேரியன் தேவாலய வளாகத்தில். வண்டி இல்லாமல் போவது சிரமம், டாக்ஸி பிடியுங்கள். ஞாயிறு காலை வேண்டாம், ஆராதனை நேரம். இங்கே மாலை, ஊதுபத்தி எல்லாம் பழக்கமில்லை. பிளாஸ்டிக் தாளைப் பிரித்துவிட்டுப் பூக்களை மட்டும் வையுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். செல்ஃபி உங்கள் இஷ்டம், நான் எடுப்பதில்லை. சிலைகளோடு எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், அதற்குத்தானே வைத்திருக்கிறார்கள்.

நகர மண்டபத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள், சாலைப் பந்தயத்துக்கென்றே அங்கே ஒரு பகுதி உண்டு.

எப்படிப் பேச்சுக் கொடுப்பது

எனக்குப் பயணத்தின் முக்கியமான பகுதி இதுதான். தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "ஜோயி மொத்தம் எத்தனை பந்தயம் ஜெயித்தார்?" என்று ஆரம்பித்தால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார். "நீங்கள் ஜோயியை எங்கே நின்று பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலி, ஒரு வளைவு, ஒரு கேட் இருக்கும். அங்கே தொடங்கினால் அரை மணி நேரம் போவது தெரியாது. அவர்கள் பேச்சு வேகமானது, பாதி புரியாது. புரியாததை மறுபடி கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்து வேனைப் பற்றிக் கேளுங்கள். உலக சாம்பியனான பிறகும் பைக்கைத் தானே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவர் ஜோயி. 1990-களில் வேனில் உணவும் துணிமணியும் ஏற்றிக்கொண்டு ருமேனியா, போஸ்னியா, அல்பேனியா என்று போய் ஆதரவற்ற குழந்தைகள் இருந்த இல்லங்களுக்குக் கொடுத்துவிட்டு வருவார். தனியாகவே ஓட்டிக்கொண்டு போவாராம். பேட்டி எடுக்க யாரும் கூடப் போகவில்லை. 1986-இல் பந்தயத்துக்காக எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது, 1996-இல் இந்த உதவிக்காக அதைவிட உயர்ந்த ஓபிஇ. என் வார்டில் படுத்திருந்தவர்களில் ஜோயியின் டிடி வெற்றிகளைத் தப்பாகச் சொன்னவர்கள் உண்டு. வேன் கதையைச் சொல்லாமல் விட்டவர் யாரும் இல்லை.

பேச்சு கனமாகிவிட்டால் படகுக் கதைக்குத் திருப்புங்கள். 1985-இல் டிடிக்குப் போக ஜோயியும் கூட்டாளிகளும் டோர்னமோனா என்ற மீன்பிடிப் படகில் ஏறினார்கள். ஸ்ட்ராங்ஃபர்ட் பக்கம் படகு மூழ்கியது, எல்லோரையும் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். ஆள் அப்புறம் தீவுக்குப் போய் அந்த ஆண்டு மூன்று பந்தயம் ஜெயித்தார். பெரியவர்கள் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அலை கொஞ்சம் உயரும், விட்டுவிடுங்கள்.

"மைக்கேல் பெரியவரா, ஜோயி பெரியவரா?" என்ற கேள்வி வேண்டாம். ஒரே குடும்பம், எந்தப் பதிலும் யாரையாவது குத்தும். "இவ்வளவு ஆபத்தான பந்தயத்தை ஏன் நடத்த விடுகிறார்கள்?" என்பது நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் மூன்று பேரைக் கொண்டுபோன விளையாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன், உடைந்த எலும்புகளைப் பார்த்துத்தான் என் சம்பளமே வருகிறது. ஆனால் அதைக் கல்லறை வாசலில் கேட்காதீர்கள். அவர்களே தங்களுக்குள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அது.

தீவில்

இங்கிலாந்தின் ஹேஷமிலிருந்து தீவின் தலைநகரான டக்ளஸுக்குக் கப்பலில் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வட அயர்லாந்திலிருந்தும் கோடையில் சில நாட்கள் கப்பல் உண்டு.

பைக்கில் போனால் தீவின் வடக்கே உள்ள ராம்சி ஊரிலிருந்து மலைப்பாதையில் ஏறுங்கள். கூஸ்நெக் வளைவைத் தாண்டியதும் 26-ஆவது மைல்கல் வரும், அதற்கு 'ஜோயிஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 26 வெற்றி, 26-ஆவது மைல். அங்கே நிறுத்தாதீர்கள், பின்னால் வருகிறவர் உங்களை எதிர்பார்க்கமாட்டார். நேரே பங்களோ என்ற இடத்துக்குப் போய் ஓரமாக நிறுத்துங்கள். அங்கேதான் ஹோண்டா மேல் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜோயி சிலை. மலையில் பல இடங்களில் வேக வரம்பே கிடையாது என்பதை நம்பி முறுக்காதீர்கள். திடீர் மூடுபனி, குறுக்கு காற்று, சில சமயம் ஆடு. டிடி சமயத்தில் மலைப்பாதை ஒருவழி, பந்தயத்துக்கு மூடிவிட்டால் திறக்கும் வரை நின்ற இடத்தில்தான்.

பைக் இல்லாதவர்கள் லாக்ஸியிலிருந்து ஸ்னேஃபெல் மலை ரயிலில் ஏறினால் பங்களோவிலேயே இறங்கிவிடலாம். குளிர்காலத்தில் ஓடாது. வெயில் அடித்தாலும் ஜெர்க்கின் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்க நினைப்பவர்கள் ஜோயி டன்லப் அறக்கட்டளையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் ஊனமுற்ற பயணிகள் தீவில் தங்குவதற்கு வசதியாக பிராடன் பாலத்தருகே ஒரு வீட்டை நடத்துகிறார்கள். சாவிக்கொத்தும் டி-ஷர்ட்டும் வாங்குவதைவிட அது ஜோயிக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

தாலின் வரை போக வாய்ப்புள்ளவர்கள் பிரீட்டா பகுதியில் பழைய பந்தயச் சாலை ஓரம் மரங்களுக்கு நடுவே இருக்கும் நினைவிடத்தைத் தேடுங்கள்.

எப்போது போவது

மே மாதம் பாலிமனிக்கு அருகிலேயே நார்த் வெஸ்ட் 200 நடக்கும். அதைப் பார்த்துவிட்டு மே கடைசியில் தொடங்கும் டிடிக்குப் போவது ஒரு வழி. கூட்டம் ஆகாதவர்கள் ஜூலை 2-ஐ ஒட்டி வாருங்கள், நினைவு நாளுக்குப் பூவோடு வருகிறவர்களோடு நின்று பேச நேரம் கிடைக்கும். ஜூலை கடைசியில் ஆர்மாய் கிராமத்துப் பந்தயமும் உண்டு. ஜோயியும் கூட்டாளிகளும் அந்தக் காலத்தில் 'ஆர்மாய் ஆர்மடா' என்று சுற்றிய ஊர் அது. மூன்றில் எதுவானாலும் சரி, டிடிக்கு மட்டும் பல மாதம் முன்பே கப்பலில் இடம் பிடித்துவிட்டு, அதற்கப்புறம் லீவு போடுங்கள்.