பாடி ஹாரர் ரீமேக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பழசு மாதிரி வருமா?" "எல்லாம் கிராஃபிக்ஸ், பயமே இல்ல." "ஒரே அருவருப்பு, பாதியிலயே எழுந்துட்டேன்." தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஒரு பாடி ஹாரர் ரீமேக்கைத் திரையிட்டு, முடிந்ததும் விளக்கைப் போட்டால் முதலில் காதில் விழுவது இந்த மூன்றும்தான். மூன்றும் உண்மையான உணர்ச்சியிலிருந்து வருபவை. ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்பதால், இந்தப் படத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உடம்பு மாறுவதுதான் இந்த வகைப் படத்தின் கதை. யாருடைய உடம்பு, எந்த விதிப்படி மாறுகிறது, அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் தொட்டால்தான் கருத்து கருத்தாகும்.

எதன் ரீமேக் என்று தெரியாமல் பேசுவது

அதிகம் குழப்பம் வருவது 'தி திங்' விஷயத்தில். அந்தப் பெயரில் 2011-இல் வந்த படத்தை ஜான் கார்பென்டரின் 1982 படத்துடைய ரீமேக் என்று நினைத்து, "அதே கதையைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள்" என்று குறை சொல்வார்கள். உண்மையில் அது முன்கதை. 1982 படம் எந்த நாயை ஹெலிகாப்டர் துரத்துவதில் தொடங்குகிறதோ, அங்கே வந்துதான் 2011 படம் முடிகிறது. பெயரை மட்டும் மாற்றாமல் விட்டதால் வந்த வினை இது.

கார்பென்டரின் படமும் 1951-இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு' படத்தின் நேரடி மறுபதிப்பு இல்லை. இரண்டுக்கும் மூலம், ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் எழுதிய குறுநாவல். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஓர் உயிர் மற்ற உயிர்களைப் போலவே உருமாறும் என்ற கருவே அந்தக் குறுநாவலில் இருப்பதுதான். 1951 படம் அதைக் கைவிட்டு, தாவர வகையைச் சேர்ந்த மனித வடிவப் பிராணி ஒன்றைக் காட்டியது. களத்தையும் அண்டார்க்டிகாவிலிருந்து வடதுருவப் பக்கம் மாற்றியது. ஆக, எழுத்துக்கு அதிகம் நெருங்கி நிற்பது பின்னால் வந்த படம். "முதல் படத்துக்கு உண்மையா இல்ல" என்று வாதிடுகிறவர் முதலில் எது முதல் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூலத்தை அப்படியே எடுத்தால் போதும் என்பவர்களுக்கு 2016-இன் 'கேபின் ஃபீவர்' நல்ல பதில். ஈலை ராத் 2002 படத்துக்கு எழுதிய திரைக்கதையையே வைத்து எடுத்தார்கள். பெரும்பாலான விமர்சகர்கள் அதை ஏற்கவில்லை. வசனம் வசனமாகப் பின்தொடர்வது ஒரு ரீமேக்குக்குப் பெருமையும் சேர்க்காது, பாதுகாப்பும் தராது.

எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதும் கருத்தை மாற்றும். கதையின் காலவரிசைப்படி 2011 படத்தை முதலில் போட்டுவிட்டால், 1982 படத்தின் தொடக்கத்தில் ஓடிவரும் நாயைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிடும். முதல் அரை மணி நேரத்தின் பதற்றம் அதோடு போச்சு. எனவே 1982 முன்னால், 2011 பின்னால். மனிதன் ஈயோடு கலந்துவிடும் கதையான 'தி ஃப்ளை' படங்களில் இந்தச் சிக்கல் இல்லை. 1958, 1986 இரண்டில் எதை முதலில் பார்த்தாலும் மற்றது கெடாது. ஆனால் ஒரே மாலையில் இரண்டையும் போடாதீர்கள். 94 நிமிடமும் 96 நிமிடமும் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது படத்துக்குக் கிடைப்பது களைத்துப்போன கண்தான். நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.

டிவி செய்த கோளாறைப் படத்தின் தலையில் கட்டுவது

"மேக்கப் ரப்பர் மாதிரி இருக்கு" என்ற குறையில் பாதி, டிவி அமைப்பால் வருவது. படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்பட்டது. புது டிவிகள் நடுவே தாமாகச் சட்டகங்களை உருவாக்கிச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கிவிடும். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இதற்குப் பெயர். அதை அணைத்துவிடுங்கள். 'விவிட்', 'டைனமிக்' முறைகளையும் விட்டு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு மாற்றுங்கள். ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே நிழலில் வைத்த தோலின் ஒட்டுவாயை, வெளிச்சத்தை ஏற்றி நாமே வெளியே காட்டிவிட்டு, மேக்கப் கலைஞரைக் குறை சொல்வது நியாயமில்லை.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று 'ஜூம்' போடுவது அடுத்த தவறு. அகலத்திரையில் எடுத்த படத்தை அப்படிப் பெரிதாக்கினால் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு காணாமல் போகும். 1982 'தி திங்'கில், யார் மனிதர், யார் அந்த உயிர் என்று கண்டறியும் ரத்தப் பரிசோதனைக் காட்சியில் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் கட்டிப்போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். சூடேற்றிய கம்பி ஒவ்வொரு தட்டு ரத்தமாகத் தொட்டுக்கொண்டு வரும்போது, ஓரத்தில் இருப்பவன் முகம் தெரிவதில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. ஓரத்தை வெட்டிவிட்டு "சஸ்பென்ஸ் இல்ல" என்று சொல்லக்கூடாது.

மண்டபத்தில் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு ஈசல் வந்து மொய்க்கும். மண்டபத்துக்கு வெளியே தள்ளி ஒரு பெரிய பல்பைப் போட்டு, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மின்விசிறி இரைச்சலில் மெல்லிய ஒலிகள் அமுங்கிப்போகும். இந்த வகைப் படத்தில் பாதி வேலை ஈர ஒலிக்கும் எலும்பு நெரியும் ஒலிக்கும்தான். ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில், உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வையுங்கள். டப்பிங்கில் பார்த்தவர் அதைச் சொல்லிவிட்டுப் பேசுவது நல்லது. 1986 'தி ஃப்ளை'யில் ஜெஃப் கோல்ட்ப்ளமின் பேச்சு குழறிக் குழறிச் சிதைவது உடல் மாற்றத்தின் ஒரு பகுதி. வேறொரு குரலில் அது நமக்கு வந்து சேராது.

பெரிய காட்சியை மட்டும் எண்ணுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "கடைசி இருபது நிமிஷம் சூப்பர், மத்ததெல்லாம் இழுவை" என்பார்கள்.

கர்ட் நியூமனின் 1958 'தி ஃப்ளை'யில், பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் இயந்திரத்துக்குள் விஞ்ஞானியோடு ஓர் ஈயும் புகுந்துவிட, விபத்து நடந்த நொடியிலேயே மனிதனின் தலையும் கையும் ஈயினுடையதோடு இடம் மாறிவிடுகின்றன. மாற்றம் முடிந்தது, பிறகு அதை மறைப்பதும் கண்டுபிடிப்பதும்தான் கதை. துணியால் தலையை மூடிக்கொண்டு, எழுதிக் காட்டிப் பேசும் கணவனை மனைவி வெகுநேரம் பார்க்காமலேயே பார்க்கிறாள். டேவிட் க்ரோனன்பெர்க் 1986-இல் எடுத்த ரீமேக்கில் விதியையே மாற்றினார். இங்கே ஈயும் மனிதனும் மரபணு அளவில் ஒன்றாகிவிடுகின்றன. வெளியே உடனே எதுவும் தெரியாது. முதலில் தெரிவதெல்லாம் நன்மைகள்: அசாத்திய பலம், தூக்கம் வராத சுறுசுறுப்பு, காபியில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை. பிறகு முதுகில் முரட்டு மயிர் சில.

பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் அந்தக் காட்சி. விரல் நுனியைப் பார்க்கிறான், அழுத்துகிறான், நகம் அப்படியே கழன்று வருகிறது. கத்தல் இல்லை. என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சிக்காரனாகவே பார்க்கிறான். பிற்பாடு விழுந்த உறுப்புகளையெல்லாம் மருந்து அலமாரியில் எடுத்துவைக்கிறான். ஒட்டுமொத்தப் படத்தின் துயரம் அந்த அலமாரியில் இருக்கிறது.

டெல்டா விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நெற்பழ நோயில் பூஞ்சை புகுவது கதிர் வெளிவராத பொதிப் பருவத்தில்; மஞ்சளும் பச்சையுமாக உருண்டை கண்ணில் படுவது வெகு தாமதமாக. அதையே நல்ல விளைச்சலுக்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்ட காலமும் உண்டு. உருண்டையை மட்டும் எண்ணுகிறவருக்கு நோய் எப்போது வந்தது என்று தெரியாது. ரீமேக்கைப் பார்க்கும்போது முதல் அறிகுறி எந்த நிமிடத்தில் வந்தது, அதைப் பாத்திரம் நன்மை என்று எடுத்துக்கொண்டதா, கேடு என்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். கருத்துச் சொல்ல அதைவிட நல்ல பிடி கிடைக்காது.

இன்னொரு உதாரணம் 'ரேபிட்'. 1977 படத்தின் நாயகி ரோஸ் விபத்தில் அடிபட்டுச் சோதனை முறையில் தோல் ஒட்டுச் சிகிச்சை பெறுகிறாள். அவள் அழகு அங்கே கேள்வியே இல்லை. சோஸ்கா சகோதரிகளின் 2019 படத்தில் ரோஸ் ஃபேஷன் உலகில் வேலை பார்ப்பவள். முகமே சிதைந்து, சிகிச்சையால் முன்பைவிட அழகாகிறாள். ஆபத்து அந்த அழகோடு சேர்ந்தே வருகிறது. "கதையை மாத்திட்டாங்க" என்று இதைக் குறையாகச் சொல்வதைவிட, மாற்றியது பொருந்தியதா என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

"கிராஃபிக்ஸ்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது

2011 'தி திங்'குக்கு உண்மையான பொம்மைகளும் இயந்திர உருவங்களும் செய்யப்பட்டு, அவற்றை வைத்தே படப்பிடிப்பும் நடந்தது. பிறகு பெரும்பகுதியை டிஜிட்டல் உருவங்களால் மூடிவிட்டார்கள். ஆகவே "பொம்மை செய்யச் சோம்பல்" என்ற குற்றச்சாட்டு நிற்காது. முடிவு எடுத்த இடம் வேறு. சரியாகக் குறை சொல்ல வேண்டுமானால் இவற்றைப் பாருங்கள்: உருவத்தின் மீது விழும் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகிறதா, தரையில் கால் வைத்தால் எடை தெரிகிறதா, நடிகரைத் தொடும் இடத்தில் துணி கசங்குகிறதா, கேமரா எவ்வளவு நேரம் அதன்மேல் நிற்கிறது.

1982 படத்தில் நோயாளியின் மார்பு திறந்து மருத்துவரின் கைகளைக் கவ்வும் காட்சிக்கு, இரண்டு கைகளையும் இழந்த ஒருவரை நடிக்கவைத்து, அவருக்குப் போலிக் கைகளும் நடிகரின் முகமூடியும் பொருத்தினார்கள். மேக்கப் கலைஞர் ராப் பாட்டின் அந்த வேலையில் இறங்கியபோது இருபதைச் சற்றே தாண்டியவர். அந்த நொடி நம்பும்படி இருப்பதற்குக் காரணம் ரப்பர் மட்டுமில்லை. ஷாட் மிகச் சுருக்கமாக இருப்பதும், நாம் மின் அதிர்ச்சிக் கருவியையே பார்த்துக்கொண்டிருப்பதும்.

"நம்ம ஆளுங்களுக்கு இது ஒத்துவராது"

இதைச் சொல்கிறவர் காரைக்காலை மறந்துவிட்டார். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் கொண்டாடப்படும் அம்மையார், அழகிய உடம்பை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கியவர். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு என்று சோழர்கால வெண்கலச் சிற்பிகள் அதை வடித்தும் வைத்திருக்கிறார்கள். அங்கே நடப்பது பக்தி; விரும்பி ஏற்ற மாற்றம். பாடி ஹாரரில் மாற்றம் விரும்பாமல் வருகிறது. ஆனால் உடம்பு மாறுவதை உற்றுப் பார்க்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது.

உருவகத்தை ஒரே நோயில் அடைப்பதும் இதே அவசரம்தான். 1986-இல் பலர் 'தி ஃப்ளை'யை எய்ட்ஸ் பற்றிய படமாகவே பார்த்தார்கள். க்ரோனன்பெர்க் மனத்தில் வைத்திருந்ததோ பொதுவாக நோயும் முதுமையும். புற்றுநோய்க்காரருக்குப் பணிவிடை செய்தவர் அதில் வேறொன்றைக் காண்பார். அந்தக் கருத்தையும் தனியாக எழுதிவைக்க வேண்டும்.

கருத்துக் கேட்பதில் வரும் பிழைகள்

படம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால், சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே சபையின் கருத்தாகிவிடும். பின்வரிசைப் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுத்து, ஐந்து நிமிடம் எழுதவிடுங்கள். அருவருப்பு, பயம், இரக்கம் மூன்றுக்கும் தனித்தனி வரி இருக்கட்டும். மூன்றும் ஒரே காட்சியில் வந்தாலும் ஒன்றல்ல. பிறகு "அண்ணே, எந்த இடத்துல கண்ண மூடுனீங்க?", "சித்தி, அவன் மேல எப்ப பாவம்னு தோணுச்சு?" என்று காட்சியைச் சுட்டிக் கேளுங்கள். பதிலும் காட்சியைச் சுட்டியே வரும்.

மதிப்பெண் சராசரியை நம்பாதீர்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் 9, ஐந்து பேர் 1 போட்டாலும் சராசரி 5. பத்துப் பேரும் 5 போட்டாலும் 5. முன்னது ஊரை இரண்டாக்கிய படம், பின்னது யாரையும் தொடாத படம்.

முன்னெச்சரிக்கை சொல்லாமல் போடுவதும் தவறு. மணிக்கட்டு எலும்பு முறிந்து வெளியே வரும் காட்சி உண்டு, பிரசவக் கெட்ட கனவு உண்டு என்று 1986 படத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் சிகிச்சையில் இருப்பவர்களும் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். 'ஏ' சான்றிதழ் படமானால் 18 வயதுக்குக் கீழ் யாரும் உள்ளே வரக்கூடாது. வீட்டுக்கு எடுத்த ஓடிடி சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அட்டையின் தலைப்பில் படத்தின் ஆண்டு, மொழி, ஓடிய நிமிடம், கரண்டு போன இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். வெட்டிய பிரதியைப் பார்த்தவரும் முழுப் பிரதியைப் பார்த்தவரும் அப்போதுதான் வீண் சண்டை போடமாட்டார்கள். 1982 ஜூன் 25-இல் 'தி திங்' வெளியானபோது விமர்சகர்கள் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள்; இரண்டு வாரம் முன்பு வந்த அன்பான வேற்றுக்கிரகவாசியின் 'ஈ.டி.' ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. இன்று அதே படம் இந்த வகையின் உச்சங்களில் ஒன்றாக வைக்கப்படுகிறது. அதனால் ஒரு மாதம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். புது அட்டையைப் பழைய அட்டையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், பழையதைக் கிழித்துவிடாதீர்கள்.