வெளிநாட்டு மாநாட்டுக்குக் குழுவாகப் போகிறீர்களா? முதலில் பெயரைப் பாருங்கள்
கோலாலம்பூரிலிருந்து சக ஊழியர்களோடு கிளம்பும்போது அதிகம் சிக்கல் தருவது பெயர்தான். கடப்பிதழில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) என்று இருக்கும்; விமான டிக்கெட்டில் சாய்கோடு ஏறாது. குடும்பப் பெயர் கட்டத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே போடுவார். கடைசியில் விசா, அழைப்புக் கடிதம், டிக்கெட் மூன்றும் மூன்று விதமாக நிற்கும். அதனால் எல்லாருடைய கடப்பிதழ்ப் படத்தையும் ஒருவரே வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்து, ஒரே முறையில் நிரப்பட்டும். கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுமா என்பதைப் பதிவுக் கட்டணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி. விமானத்தில் அனுமதிக்கும் 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும். கேஎல்ஐஏ எனும் கோலாலம்பூர் விமான நிலையத்தில் முனையம் 1-ஆ, 2-ஆ என்பதை முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மாறி இறங்கினால் ரயிலோ பேருந்தோ டாக்சியோ ஏறித்தான் வர வேண்டும்.