யூ இல்லாமல் க்யூவை இறக்குவது எப்படி

எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபிள். அதன் பெட்டியில் மொத்தம் 100 காய்கள். அதில் க்யூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூதான் வரும் என்பதால், க்யூ வந்தவர் யூவுக்காகக் காத்துக் கிடப்பார். அந்த நான்கும் எதிராளியின் கையில் சுகமாக உட்கார்ந்திருக்கும். ஆட்டம் முடியும்போது க்யூ கையில் நின்றுவிட்டால் உங்களுக்கு 10 புள்ளி போகும், முடித்தவருக்கு அதே 10 சேரும். எங்கள் வீட்டில் என் அண்ணி இப்படித்தான் என்னை மொட்டையடித்துக்கொண்டிருந்தார், நான் யூ இல்லாத க்யூ சொற்களைப் படிக்கும்வரை.

முதலில் படிக்க வேண்டியது இரண்டே எழுத்து: க்யூ, ஐ. ‘சீ’ என்று உச்சரிக்க வேண்டும். சீனர்கள் உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் உயிர்ச்சக்தி. வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் இது 2006ல்தான் நுழைந்தது. ஐ காய்கள் ஒன்பது இருப்பதால் அநேகமாக எப்போதும் ஒன்று அகப்படும். எழுத்தை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, பக்கத்தில் ஒரு ஐ, கீழே ஒரு ஐ அமைந்துவிட்டால் க்யூவுக்கு 30, ஐக்கு 1 என்று குறுக்கே 31, நெடுக்கே மறுபடி 31: மொத்தம் 62. அண்ணி அன்று அகராதியை இரண்டு முறை புரட்டினார்.

அடுத்தது மூன்றெழுத்து. பூனைக்கான ஆங்கிலச் சொல்லில் முதலெழுத்தை எடுத்துவிட்டு க்யூவைப் போடுங்கள். ஏமனில் கன்னத்தில் அதக்கி மெல்லும் இலை அது. கடைசியில் எஸ் சேர்த்தாலும் செல்லும்.

இதற்கு மேல் பட்டியலை அகரவரிசையில் உருப்போடாதீர்கள், அது வீண்வேலை. சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி அரபியிலிருந்து வந்தவை. அரபியில் அடித்தொண்டையிலிருந்து வரும் ‘காஃப்’ என்றொரு எழுத்து உண்டு. அதை ஆங்கிலத்தில் க்யூ என்று எழுதும் வழக்கத்தால் வந்தவைதான் இவை. இதில் நமக்கு ஒரு வசதி: பாதிச் சொற்களை நாம் ஏற்கெனவே பேசுகிறோம். புர்கா, நிகாப், தலாக், தொழுகைத் திசையான கிப்லா, செய்தித்தாளில் தினம் அடிபடும் வக்ஃப், நம் ஊர் பக்கிரியான ஃபகீர், எல்லாவற்றிலும் க்யூ உண்டு, யூ இல்லை (புர்காவில் யூ இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால்). பிறை பார்த்து அறிவிக்கிறாரே தலைமை காஜி, அவரும் இங்கே இருக்கிறார்: க்யூ, ஏ, டெல்லிக்கு வரும் டி, ஐ. எல்லா ‘க’வும் க்யூ ஆகாது. கபாபில் வருவது அரபியின் வேறொரு ‘க’. அங்கே கே போட வேண்டும்.

கவாலிப் பாட்டும் செல்லும். ஏழு எழுத்து, முழுக் கையும் இறங்குவதால் 50 புள்ளி கூடுதல். ஆனால் அதற்கு டபிள்யூ இரண்டு வேண்டும், பெட்டியில் இருப்பதே இரண்டு. நான் இன்னும் கனவில்தான் போட்டிருக்கிறேன்.

மிச்சத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய் கனாத், இஸ்ரேல் நாணயம் ஷெகெல், ஆர்க்டிக் பகுதி இனூயிட் மக்களின் தோல்படகு உமியாக், மயக்க மருந்தைச் சுருக்கமாகச் சொல்லும் டிராங்க், விசைப்பலகையின் க்வெர்ட்டி. கத்தார், ஈராக் கூடாது, அவை ஊர்ப்பெயர்கள்.

சொல் தெரிவது வேறு, கையில் கலைந்து கிடக்கும்போது கண்ணில் படுவது வேறு. அதனால் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் வரிசைப்படுத்தி அட்டையின் ஒரு பக்கம் எழுதுங்கள். ஃபகீர் என்றால் ஏ, எஃப், ஐ, க்யூ, ஆர். பின்பக்கம் சொல். பஸ்ஸில் போகும்போது நாலு அட்டை புரட்டினால் போதும். கையிலும் காய்களை அதே வரிசையில் அடுக்குங்கள், சொல் தானாக எழுந்து நிற்கும்.

அப்புறம், ஆட உட்காரும் முன்பே எந்த அகராதி என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் சொற்பட்டியலில் இருப்பதெல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய அகராதியில் இருக்காது.

இத்தனைக்கும் பிறகு சொல் அமையவில்லையா, க்யூவை மாற்றிவிடுங்கள். ஒரு முறை ஆடும் வாய்ப்பு போகும், போகட்டும். பையில் ஏழு காய்க்குக் குறைந்தால் மாற்றவே முடியாது என்பதால் கடைசிவரை இழுக்காதீர்கள்.